சங்கிலி நயினாரும் சுயம்பு முனீஸ்வரரும்

திருவண்ணாமலையில் மலை ஒன்றைத் தவிர வேறு எதுவுமே அதனதன் இடத்தில் இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் சங்கிலி நயினார்தான். வீடு, கடை, சந்து, சாக்கடை, சினிமாக் கொட்டகை எல்லாமே ஒரு முழமாவது நகர்ந்து உட்கார்ந்திருப்பதாக அவர் சாதிப்பார். மலையைப் பற்றிக் கேட்டால், "அத இன்னும் நான் அளக்கல தம்பி. அளக்காத வஸ்துவ பத்தி வாயத் தொறக்கக் கூடாது" என்பார்.

தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். நயினார் என்பது எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பங்களுக்கு உள்ள பட்டம். சங்கிலி என்பது அவர் கடையில் பித்தளைக் குடங்களுக்கு நடுவே தொங்கிய பழைய நில அளவைச் சங்கிலி. பழைய சாமான் போட்டுப் புதுசு வாங்க வந்த யாரோ இரும்போடு இரும்பாக அதையும் எடைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சும்மா கிடக்கிறதே என்று தன் கடையை அளந்து பார்த்திருக்கிறார் நயினார். பிடித்தது பைத்தியம். நிஜப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது, ஊருக்கும் தெரியாது.

அந்தச் சங்கிலியில் நூறு கண்ணி. அன்றிலிருந்து அவருக்கு அடி, மீட்டர் எல்லாம் மறந்துபோய் உலகமே கண்ணிக் கணக்கில் ஓடியது. குடம் வாங்க வந்த பெண்மணி, "பஸ் ஸ்டாண்டு இங்கேருந்து எவ்ளோ தூரம் நயினாரே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, கண்ணிக் கணக்கைக் கேட்டு மிரண்டு குடத்தை வாங்காமலே போனதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. குடம் இன்னொரு நாள் விற்கும், எல்லை அப்படியா?

நான் அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டிருந்தேன். மாவட்டம் பிரிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பழைய நில வரைபடங்கள் பாதி இங்கே, பாதி வேலூரில். நயினார் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வேலூருக்கு பஸ் ஏறுவார். வெள்ளைக்காரன் காலத்துப் படத்துக்கு நகல் போட்டு வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வருவார். முதல் தடவை வந்த அன்றே சண்டை.

"இன்னாய்யா கடை வெச்சிருக்கிற நீ? ஒன் மெஷின் நெலத்த சாப்புடுது!"

"ஜெராக்ஸ்ல லேசா சுருங்கும் நயினாரே. அது சகஜம்."

"சகஜமா? நீ சுருக்கின சுருக்கல்ல எவனோ ஒருத்தனுக்கு ரெண்டு தென்னமரம் போச்சு! யார் குடுப்பா, நீ குடுப்பியா?"

இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரிஜினலையும் நகலையும் அளந்து காட்டினார். மெய்தான், மயிரிழை கம்மி. மெக்கானிக்கை வரவழைத்து, அளவு சரியாக வரும்வரை அந்த மனிதர் என் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் பார்த்தால், சர்வேயர்களும் பத்திரம் எழுதுபவர்களும் 'அளவு சுத்தமான கடை' என்று என்னிடமே வர ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் அவர்தான் காரணம் என்று வாரம் ஒருமுறை எனக்கு ஞாபகப்படுத்துவார். தன்னடக்கம் என்ற சாமானை அவர் கடையில் விற்றதே இல்லை.

அவருக்குத் தன் எல்லை, பிறர் எல்லை என்ற பேதமும் கிடையாது. ஒருநாள் தன் வீட்டுக் குளியலறைச் சுவர் பக்கத்து வீட்டு மனையில் நிற்பதைப் படத்தில் கண்டுபிடித்தார். மறுநாள் காலையில் கடப்பாறையோடு இடிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வேணாம் நயினாரே! சத்தியமா எனக்கு அந்த எடம் வேணாம்!"

"ஒனக்கு வேணாம்னா அது என்னுதாயிடுமா? தள்ளி நில்லு, செங்கல் கால்ல விழும்."

குளியலறை மறுபடி கட்டி முடிகிறவரை நயினாரின் மனைவி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அதே பக்கத்து வீட்டுக்குத்தான் குளிக்கப் போனார்.

மகளுக்கு நிச்சயம் செய்யப் போன இடத்திலோ, தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க மாடிப்படி தெருவுல நிக்குது" என்றார். கல்யாணம் நின்றே போயிருக்கும். மாப்பிள்ளைப் பையன் நல்லவன், "இடிச்சிடலாம் மாமா" என்று எழுந்து சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மாப்பிள்ளையை அவர் சாகும்வரை தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

இன்னொரு விஷயம். ஊரே தலைகீழாக நின்றாலும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். இருட்டிவிட்டால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். வெங்காயமும் தொடமாட்டார். இரண்டும் அவர்கள் குல வழக்கம். வயிறு பெரிசு, பசியும் ஜாஸ்தி. ஆகவே நாலு மணிக்கு மேல் அவரோடு பேசினால் பாதி கவனம் வானத்தில்தான் இருக்கும்.

இப்படி ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த மனிதரிடம் நானே போய் நிற்கவேண்டிய நாள் வந்தது.

என் அக்கா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தன் மனையில் இட்லிக் கடை போட்டிருந்தாள். மாமா லாரி டிரைவர். வீட்டில் இருந்த நாள் கம்மி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடக்கிற வியாபாரத்தில்தான் இரண்டு பெண் குழந்தைகளும் படித்தார்கள், சாப்பிட்டார்கள். பக்கத்து நிலத்தை வாங்கிய ஒருவர் 'பௌர்ணமி நகர்' என்று பிளாட் போட்டார். வாசலில் பெரிய வளைவு. வளைவு கட்டின கையோடு அவருடைய ஆள் அளந்து, அக்கா கடையின் நடுவில், இட்லிப் பானைக்கும் பெஞ்சுக்கும் குறுக்கே, கல் நட்டுவிட்டுப் போனான். கடை பாதி அவருடையதாம். கடைக்குப் பின்னால்தான் வீடு. வேலி போட்டால் வீட்டுக்குள் போக வழியே கிடையாது.

"இந்தக் கடையும் போச்சுன்னா ரெண்டு பொண்ண வெச்சிக்கினு நான் எங்கடா போவேன்?" என்று அக்கா என் கடைக்கே வந்து அழுதாள். நயினார் ஸ்டூலில் இருந்தார்.

"அழாதம்மா. அவன் எங்கேருந்து அளந்தான்?"

"மதகுலேருந்துங்கய்யா."

"மதகா!" நயினார் துள்ளி எழுந்ததில் என் ஸ்டூல் கவிழ்ந்தது. "அது ரோடு போட்டப்ப தள்ளிக் கட்டின மதகு! மதகு நகரும், பாலம் நகரும். கல்லு நகருமா?"

அன்றைக்கே வேலூர் பஸ். பழைய படத்தில் பளிச்சென்று இருந்தது: மூன்று ஊர் எல்லையும் சேருகிற மூலையில் ஒரு கல். அந்தக் கல்லிலிருந்து மேற்கே எழுபது கண்ணி வந்தால் அக்கா மனையின் எல்லை. ஆனால் அந்தக் கல் எங்கே என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஏரிக்கரையில் பழைய கல் ஒன்று, கிணற்று மேட்டில் ஒன்று மிச்சம் இருந்தன. அவற்றிலிருந்து இழுத்துப் பிடித்தால் மூலை வந்துவிடும் என்று, சங்கிலியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து வேலிக்காத்தான் முள்ளுக்குள் இறக்கிவிட்டார். சட்டை கிழிந்தது. நடுவில் எறும்புச் சாரி வந்தால் சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அது கடந்துபோகிறவரை நிற்கவைப்பார். நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை. கடைசியில் சங்கிலி ஒரு கம்பிக் கதவில் போய் முட்டியது. உள்ளே சாமி. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தம்பி, கல்லு கெடைச்சுடுச்சு" என்றார் நயினார்.

"எங்க?"

"அதோ. மஞ்ச பூசி, மாலை போட்டுக்கினு குந்திக்கிட்டிருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஊரார் வெகுகாலமாகக் கும்பிட்டு வந்த, பௌர்ணமி நகர் முதலாளி தளம் போட்டு, மணி கட்டி, டைல்ஸ் ஒட்டி, 'உபயம்' என்று தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்து வைத்திருந்த சுயம்பு முனீஸ்வரர். பிளாட் வாங்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். அதைப் பற்றிய நோட்டீசை ஜெராக்ஸ் போட்டதும் நான்தான்.

"சாமிய போய் கல்லுன்னா ஊரு சும்மா வுடுமா நயினாரே? தோலை உரிச்சிடுவாங்க."

"நான் ஏன் சொல்றேன்? சாமியே சொல்லட்டும்" என்றார்.

அரசாங்க சர்வேயர் வந்து அளப்பதற்கு அக்கா மனுக் கொடுத்திருந்தாள். நாள் குறித்து வந்தது, பார்த்தால் பௌர்ணமி. முதலாளியும் அன்றைக்கென்று வேன் வைத்துச் சென்னையிலிருந்து பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களை அழைத்து வந்திருந்தார்.

சர்வேயர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "படம் சரிதான். ஆனா மூலைக்கல்லு இல்லாம நான் எங்கேருந்து அளப்பேன்?"

"அந்தக் கல்லெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார்" என்றார் முதலாளி சந்தோஷமாக. "மதகுலேருந்தே அளந்துடுங்க."

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள்.

"அளவு இருக்கட்டும்" என்றார் நயினார். "நெறஞ்ச பௌர்ணமி. முனீஸ்வரனுக்கு என் செலவுல ஒரு அபிஷேகம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமே?" கையில் புத்தம்புதுப் பித்தளைக் குடம். ஒரு கரண்டிகூடக் கடன் கொடுக்காத கடையின் குடம்!

முதலாளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா சாமியோட சக்திய? நயினாரே அபிஷேகம் பண்ண வந்துட்டாரு!" என்று வேன்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

பூசாரி குடம் குடமாக ஊற்றினார். முதலில் மஞ்சள் தண்ணீர் ஓடியது, அப்புறம் குங்குமச் சிவப்பு, அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக. "இன்னும் ஊத்துங்க, நல்லா தேயுங்க, சாமி குளிரட்டும்" என்று நயினார் உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்கில் பூசிய பூச்செல்லாம் கழன்று கருங்கல் தெரிந்தது. அதன் உச்சியில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள் ஒரு குழியில் வந்து சேர்ந்தன.

"சூலம்! சூலம்!" என்று பூசாரி கத்தினார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சர்வேயர் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "அடடே, இது நம்ம கல்லாச்சே! மூணு ஊரு எல்லைக்கல்லு!" என்றார்.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது... அத யாரோ எங்கேருந்தோ கொண்டாந்து நட்டுட்டாங்க சார்! அத வெச்சி அளக்கக் கூடாது!"

வேனில் வந்த ஒரு மாமி விடவில்லை. "இன்னா சார், கொண்டாந்து நட்டதா? சுயம்புன்னுதானே சொன்னீங்க?"

நான் சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்தேன். எனக்கு இயற்கையிலேயே சத்தமான குரல். "ஆதி காலந்தொட்டு, தோன்றிய இடத்தை விட்டு இம்மியும் அசையாமல் அருள்பாலிக்கும் சுயம்பு முனீஸ்வரர்!" என்று நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"கொண்டாந்து நட்ட சாமின்னா எங்க அட்வான்ஸ திருப்பிக் குடுங்க!" என்று வேன் மொத்தமும் கிளம்பிவிட்டது.

முதலாளி வேன்காரர்களைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார், முனீஸ்வரரைப் பார்த்தார்.

"சுயம்புதாங்க" என்றார் ஈனஸ்வரத்தில். "அசையவே இல்ல."

"சத்தமா சொல்லுங்க! சர்வேயர் காதுல விழணும் இல்ல?" என்றார் நயினார்.

"அசையவே இல்லைங்க!"

சர்வேயர் ஏரிக்கரைக் கல்லிலிருந்தும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, முனீஸ்வரர் காலடியிலிருந்து சங்கிலியை இழுத்தார். எழுபதாவது கண்ணி அக்கா கடையைத் தொடவேயில்லை. கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய், பௌர்ணமி நகர் வளைவின் ஒரு தூணையும் அக்கா மனைக்குள் சேர்த்துவிட்டு நின்றது! ஊரே கைதட்டியது. அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் விசிலே அடித்தேன். இந்த ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நயினார் மட்டும் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஒன் அடுப்பு ரெண்டு கண்ணி ரோட்டுல நிக்குதே. உள்ள தள்ளிக்கோ."

"அய்யா, இப்பதானய்யா ஜெயிச்சேன்!"

"ஜெயிச்சவங்களுக்குன்னு தனியா எல்லை இருக்குதா?"

அக்கா அடுப்பைத் தள்ளினாள். அதே அடுப்பில் வெங்காயம் போடாமல் சட்னி அரைத்து, சுடச்சுட இட்லி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நயினார் தட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மேற்கே வெளிச்சமே இல்லை, நிலா வந்துவிட்டது.

"இருட்டிடுச்சேம்மா" என்றார்.

காலையில் சாப்பிட்டவர். அளவு முடியட்டும், முடியட்டும் என்று வானத்தையே பார்க்க மறந்திருக்கிறார். அக்கா தட்டோடு நின்று அழுதாள். அவர் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே பசியோடு நடந்து போனார். குடத்தை முனீஸ்வரரிடமே விட்டுவிட்டார். ஆனால் மறுநாள் நாலு மணிக்கெல்லாம் சைக்கிளில் வந்து இறங்கி, "எங்கம்மா நேத்து இட்லி?" என்று உட்கார்ந்துவிட்டார். எத்தனை சாப்பிட்டார் என்று அக்கா எண்ணவில்லை. என்னையும் எண்ண விடவில்லை.

நயினார் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை போயிருந்தேன். கடையில் கூட்டம். சாயங்காலம் அக்கா கல்லாவைப் பெரிய மகளிடம் விட்டுவிட்டு, வாழை இலையில் இட்லியும் வெங்காயம் போடாத சட்னியும் வைத்துக்கொண்டு முனீஸ்வரரிடம் கிளம்பினாள்.

"ஏன்க்கா, முனீஸ்வரனுக்குப் போய் யாராவது இட்லி படைப்பாங்களா?" என்று சிரித்தேன்.

"சாமிக்கு இல்லடா, நயினாருக்கு" என்றாள். "வழிய வுடு, இருட்டிட்டா சாப்பிட மாட்டாரு."