நெறியாளர் விடுப்பில் இருக்கிறார்

முனைவர் பட்ட ஆய்வை ஏழு ஆண்டுகளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் விதி. முடிக்காவிட்டால் பதிவு தானாகவே ரத்தாகிவிடும். மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, நேர்முகத்தில் புன்னகையோடு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நியாயமான விதிதான். ஒரு விஷயத்தை ஏழு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்தால் அது புரிந்துபோகும் அபாயம் இருக்கிறது.

நிர்வாகவியல் துறையில் ஒரு பெண் ஆறு வருஷம் ஐந்து மாதத்தைத் தாண்டியிருந்தாள். அவளுடைய ஆய்வுத் தலைப்பு, 'அலுவலகக் கவுண்டர்களில் வரிசையில் நிற்போரின் பொறுமை'. வங்கி, மருத்துவமனை, மின்கட்டண அலுவலகம் என்று நாற்பத்திரண்டு வரிசைகளில் கையில் கடிகாரத்தோடு கால் கடுக்க நின்று விவரம் சேகரித்தவள். அதே துறையில் தற்காலிக ஆசிரியையாகப் பாடமும் நடத்தினாள். மாணவர்கள் அவளுக்கு க்யூ மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேலையே இல்லை என்று சொல்லும் கடிதம் ஒன்று அவள் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

இந்த நேரம் பார்த்து அவளுடைய நெறியாளர் கம்பி நீட்டிவிட்டார். எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், துறையிலிருந்த மற்ற இரண்டு பேராசிரியர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நிர்வாகவியல் துறை என்ற பெயர் பழசாகிவிட்டது என்று நிர்வாகத்துக்குத் தோன்றி, அதைப் 'புத்தாக்க நிர்வாகவியல் துறை' என்று மாற்றினார்கள். பிறகு 'நிலைத்த புத்தாக்க நிர்வாகவியல் மையம்' ஆனது. கடைசியில் 'நாளைய நிலைத்த புத்தாக்க நிர்வாகவியல் உயர் சிறப்பு மையம்' என்று எழுதி மாட்டியபோது பலகை பெருத்துப் பாதிக் கதவை மறைத்துவிட்டது. பேராசிரியர்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. வயதான முதுகுகள் எத்தனை நாள் தாங்கும்?

க்யூ மேடம் பதறிப்போய் ஆய்வுப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இருந்த கண்காணிப்பாளர் மிகவும் மரியாதையான மனிதர். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுவார், அவ்வளவுதான்.

"உங்க கைடு போயிட்டா என்ன மேடம், விதி போயிடுச்சா?" என்றார். "கைடு இல்லாதப்போ துறையிலேயே மூத்தவர் கைடா இருப்பார்னு தெளிவா போட்டிருக்கு."

"துறையில யாருமே இல்லையே சார். நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்போ நீங்கதான் மூத்தவர்."

"எனக்கு நானே கைடா?"

"விதியில ஆள் பேர் எதுவும் போடல மேடம். மூத்தவர்னுதான் இருக்கு."

"கைடா இருக்கணும்னா முனைவர் பட்டம் வேணுமே. என்கிட்ட இல்லையே."

கண்காணிப்பாளர் இரண்டு பக்கம் தள்ளினார். "பட்டம் பெற்றவர் அல்லது பெறும் நிலையில் உள்ளவர். நீங்க பெறும் நிலையிலதானே இருக்கீங்க?"

"கைடு இருந்தாதானே சார் பெற முடியும்?"

"அதான் கைடு இருக்காங்களே," என்றார் அவர், கையை அவள் பக்கம் நீட்டி.

அவளுக்குத் தலை சுற்றியது. ஆனால் சுற்றி முடித்தபோது கணக்கு சரியாகத்தான் இருந்தது. தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஒரு வாரத்தில் வேலை முடிந்தது என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டே எழுந்தாள்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் கண்காணிப்பாளர். "மாசத்துக்கு ஒரு தடவை கைடும் மாணவியும் அரை மணி நேரம் சந்திச்சுப் பேசி, குறிப்பு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மாணவி நீல மை, கைடு பச்சை மை. அப்புறம், எந்த ஆய்வேடா இருந்தாலும் குறைஞ்சது ரெண்டு தடவை திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பணும். தரம் இருக்கில்ல?"

அன்று மாலை அவள் கடைக்குப் போய் ஒரு பச்சைப் பேனா வாங்கினாள். வினையே அதில்தான் இருந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்த்துவிட்டு வரும் மனிதனுக்கு வீட்டில் எது நடந்தாலும் வெளிச்சமாகத்தான் தெரியும். சாப்பாட்டு மேஜையில் மனைவி இந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து நீலத்தில் எழுதுவதையும், எழுந்துபோய் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து பச்சையில் எழுதுவதையும் அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தான்.

"ஏம்மா, ஒரே நாற்காலியில உக்காந்து எழுதக் கூடாதா? எனக்குச் சாப்பிட இடம் வேணும்."

"சந்திப்பு நடக்குது. கொஞ்சம் அந்தாண்ட போங்க."

முதல் சந்திப்பு சுமுகமாகத்தான் நடந்தது. 'மாணவியின் முன்னேற்றம் திருப்தி' என்று பச்சை எழுதியது. 'நெறியாளருக்கு நன்றி' என்று நீலம் எழுதியது. இரண்டாவது சந்திப்பில் பச்சைப் பேனாவைத் திறந்ததுமே அவளுக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் புரட்டினாள். ஆறு வருஷமாக அழகாகத் தெரிந்த வாக்கியங்கள், அந்தப் பக்க நாற்காலியிலிருந்து பார்த்தால் சவசவ என்று இருந்தன. 'மொழிநடை தளர்ச்சி. மாணவி அவசரப்படுகிறார்' என்று எழுதிவிட்டாள். இந்தப் பக்கம் வந்து அதைப் படித்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

நான்காம் மாதம் முதல் திருத்தம் திரும்பி வந்தது. பதினெட்டுப் பக்கம் பச்சை.

"அந்தம்மாவுக்கு என் மேல என்னதான் கோபமோ," என்று படுக்கையில் புலம்பினாள்.

"எந்தம்மா?" என்றான் கணவன்.

"என் கைடுதான். மூணாவது அத்தியாயத்துல என்ன கேட்டிருக்காங்க தெரியுமா? 'வரிசையில் நின்றவரையே கவுண்டருக்கு உள்ளே உட்கார வைத்தால் வரிசை வேகமாக நகருமா? ஆராயப்படவில்லை. அட்டவணை தேவை.' நாற்பத்திரண்டு வரிசையில நின்னிருக்கேன். ஒருத்தராவது என்னை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்களா? அந்த விவரத்துக்கு நான் எங்க போவேன்?"

"நீ எழுதின கேள்விதானே. அடிச்சுடு."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கைடு எழுதினதை மாணவி அடிக்கலாமா?"

பத்து மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களைக்கூட அவன் பேசிச் சமாதானப்படுத்தியிருக்கிறான். இப்போது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

பல்கலைக்கழகத்தில் அந்த வருஷத்து மோகம், நட்சத்திரம் போடுவது. சாப்பாட்டுக் கூடத்துக்கு நட்சத்திரம், கழிப்பறைக்கு நட்சத்திரம், வகுப்புக்கு நட்சத்திரம். அந்த வரிசையில் மாணவி நெறியாளருக்கும், நெறியாளர் மாணவிக்கும் கணினியில் நட்சத்திரம் போட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மாணவியாக உள்ளே நுழைந்து, பயத்தில் நெறியாளருக்கு ஐந்து போட்டாள். நெறியாளராக நுழைந்து, மனசாட்சிப்படி மாணவிக்கு இரண்டு போட்டாள். கணினி உடனே சிவப்பாகி, 'உறவில் விரிசல்' என்று அறிவித்து, இருவரையும் ஆலோசகரிடம் அனுப்பியது.

ஆலோசகர் இளம்பெண். அறையில் மெத்தை வைத்த மூன்று நாற்காலிகள், மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. அவள் கோப்பைப் பார்த்தாள், க்யூ மேடத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"இன்னொருத்தங்க வரலையா?"

"வந்தாச்சு. ரெண்டும் நான்தான்."

அந்தப் பெண் அசரவில்லை. பயிற்சி அப்படி. "நல்லது. முதல்ல மாணவி பேசட்டும். கைடு குறுக்க பேசக் கூடாது."

க்யூ மேடம் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். ஆனால் ஆரம்பித்த பிறகு அடக்க முடியவில்லை. ஒரு நல்ல வார்த்தை கிடையாது, ராத்திரி பகல் பார்க்காமல் எழுதினேன், தட்டிக் கொடுக்க ஒரு கை இல்லை என்று சொல்லும்போது கண்ணீரே வந்துவிட்டது. ஆலோசகர் காகிதக் கைக்குட்டை கொடுத்து, அடுத்த நாற்காலிக்கு மாறச் சொன்னாள்.

அங்கே உட்கார்ந்ததும் கண்ணீர் நின்றது. "இவளுக்கு எல்லாம் சுலபமா கிடைக்கணும்," என்றாள் கடுமையாக. "நான் என்ன, இவளுக்கு எதிரியா? இவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

'உறவு மேம்பட்டு வருகிறது' என்று ஆலோசகர் சான்றிதழ் கொடுத்தாள். இரண்டு பிரதி.

இரண்டாவது திருத்தமும் திரும்பி வந்தபோது ஒரு மாதம்தான் மிச்சம். பாடம் நடத்திக்கொண்டே அதை முடிக்க முடியாது என்று தெரிந்து, கடைசி இரண்டு வாரத்துக்கு ஆசிரியை என்ற முறையில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். உடனே கிடைத்தது. கேட்டது உடனே கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும் என்று ஏழு வருஷத்தில் அவள் கற்றிருக்க வேண்டும்.

கடைசி நாள் மாலை நாலரை மணிக்கு ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளைச் சுமந்துகொண்டு ஆய்வுப் பிரிவுக்கு வந்தாள். ஐந்து மணிக்குக் கணினி மூடிக்கொள்ளும். கண்காணிப்பாளர் எழுந்து நின்று வாழ்த்தினார், பிரதிகளை வாங்கி அடுக்கினார், கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"கைடு கையெழுத்து இல்லையே மேடம்."

"உங்க முன்னாடி போடணும்னு விதி இருக்காமே. இதோ போடறேன்." அவள் பச்சைப் பேனாவை எடுத்தாள்.

அவர் மெதுவாகப் பக்கத்தின் மேல் கையை வைத்தார். "கைடு லீவுல இருக்காங்க."

"சார், நான்தான் உங்க எதிர்லயே நிக்கிறேனே."

"நீங்க மாணவியா நிக்கிறீங்க. மாணவிக்கு லீவு இல்ல. கைடு திங்கட்கிழமைதான் வேலைக்கு வர்றாங்க."

"லீவை ரத்து பண்ணிக்கறேன்."

"அதுக்கு நாளைக்குக் காலையில வந்து வேலையில சேரணும்."

"நாளைக்கு என் பதிவே இருக்காதே சார்," என்றாள் அவள். ஏழு வருஷம், நாற்பத்திரண்டு வரிசை, இழுப்பறையில் கிடக்கும் கடிதம், எல்லாம் அவள் கண்முன் வரிசையில் வந்து நின்றன. சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்தெட்டு.

கண்காணிப்பாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. விதிப் புத்தகத்தை வேகவேகமாகப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "விடுப்பில் இருக்கும் நெறியாளர் அவசர நிலையில் தொலைபேசி வழியாக ஒப்புதல் தரலாம். ஆனா அவங்க ஆபீசுக்குள்ள இருக்கக் கூடாது. நீங்க தயவுசெஞ்சு வராந்தாவுக்குப் போங்க."

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். கைப்பையில் போன் அடித்தது.

"வணக்கம் மேடம்," என்றார் கண்காணிப்பாளர். ஜன்னல் வழியாக அவர் முகம் தெரிந்தது. "லீவுல இருக்கும்போது தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். உங்க மாணவி ஆய்வேட்டோட வந்திருக்காங்க. வாங்கிக்கலாமா?"

வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கையில் பச்சைப் பேனா இருந்தது.

"திருத்தம் எல்லாம் முடிச்சுட்டாளா?"

"முடிச்சுட்டேன்னுதான் சொன்னாங்க."

"மூணாவது அத்தியாயத்துல ஒரு அட்டவணை கேட்டிருந்தேனே. அது இருக்கா பாருங்க."

கண்காணிப்பாளர் புரட்டினார். நாலு ஐம்பத்தொன்று. நாலு ஐம்பத்துமூன்று. வராந்தாவில் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. அந்த அட்டவணை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இல்லாததை இருக்கிறது என்று நெறியாளரிடம் பொய் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்லையே மேடம்," என்றார் அவர்.

அவள் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"சரி, பாவம், குடும்பம் உள்ளவ," என்றாள் கடைசியில், ஒரு பெருமூச்சோடு. "இந்த ஒரு தடவை வாங்கிக்குங்க. அதைப் பிற்பாடு எழுதிச் சேர்த்துக்குவான்னு குறிப்புப் போட்டுக்குங்க."

நாலு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. உள்ளே ஓடிவந்தவளிடம் கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தி, "உங்க கைடுக்கு ரொம்ப நல்ல மனசு மேடம்," என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றாள்.

ஆறு மாதத்தில் பட்டம் வந்தது. வேலை நிரந்தரமானது. துறையில் அவள் ஒருத்திதான் என்பதால் தலைவியும் ஆனாள். புது மாணவர்களை அள்ளிச் சேர்த்தார்கள், எதிர்ச்சாரிப் பல்கலைக்கழகத்திலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவர்களையும் சேர்த்தார்கள். அவள் அறை வாசலில் தினமும் ஒரு வரிசை நின்றது.

ஒருநாள் அந்த வரிசையின் முதல் ஆளாக ஒரு மாணவி உள்ளே வந்தாள். எதிர்ச்சாரியில் ஆறு வருஷம் பதினோரு மாதம் கழித்துவிட்டு வந்தவள். ஆய்வேட்டை மேஜை மேல் வைத்தாள்.

"ஒரு கையெழுத்து மட்டும் போதும் மேடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"ரெண்டு தடவை திருத்தத்துக்குத் திருப்பணும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். ஆனா நீங்களும் இந்தக் கஷ்டத்தைப் பட்டவங்கதானே. நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான் வந்தேன்."

க்யூ மேடத்துக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள். "உன்னைப் பார்த்தா எனக்குக் கஷ்டமா இருக்கும்மா. ஆனா நானே எனக்குச் சும்மா கையெழுத்துப் போட்டுக் குடுக்கல. உனக்குப் போட்டா, நாளைக்கு என் மூஞ்சியிலயே நான் எப்படி முழிப்பேன்?"

ஆய்வேட்டைத் திறந்து முதல் பக்கத்தில் பச்சையில் 'அவசரம் தெரிகிறது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். மாணவி கலங்கிய கண்ணோடு வெளியே போனாள். கதவு திறந்தபோது வராந்தாவில் வரிசை படிக்கட்டு வரை நிற்பது தெரிந்தது. காலையில் எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது.

அவளுக்குச் சட்டென்று ஏதோ நினைவு வந்தது. அலமாரியிலிருந்து, திருத்தத்துக்குத் திரும்பி வந்த தன் பழைய ஆய்வேட்டுப் பிரதியை எடுத்து மூன்றாவது அத்தியாயத்தைப் பிரித்தாள். பச்சை மையில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது: வரிசையில் நின்றவரையே கவுண்டருக்கு உள்ளே உட்கார வைத்தால் வரிசை வேகமாக நகருமா?

இழுப்பறையைத் துழாவி நீலப் பேனாவைத் தேடி எடுத்தாள். கேள்விக்குக் கீழே, நல்ல மாணவியாக, அழகான கையெழுத்தில் 'நகராது' என்று எழுதினாள்.

பிறகு பச்சைப் பேனாவை எடுத்து அதன் பக்கத்தில் 'திருப்தி' என்று எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடிப்பதற்கு முன்னால் தேநீர் குடிக்கப் போனாள்.