ஐந்து பேங்கும் ஒரு ஜம்புவும்

நான்காவது பேங்கின் கம்ப்யூட்டர் ஜெயராமின் குடும்பப் பெயரைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

“சர்நேம் போடாம அடுத்த பக்கம் போகாது சார்” என்று கவுன்டரில் இருந்த பெண் இந்தியில் சொன்னாள்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு என்று ஜெயராம் டெல்லிக்கு வந்த இருபத்தெட்டு வருஷமாக விளக்கிக்கொண்டுதான் இருக்கிறார். டெல்லி இன்னும் ஒத்துக்கொண்டபாடில்லை. முதல் பேங்கில் அப்பா முத்துவேலின் பெயரைக் கடைசியில் போட்டார்கள். இரண்டாவதில் முன்னால் போட்டார்கள். மூன்றாவதில் வெறும் ‘எம்’. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே என்று மூன்று இடத்திலும் விளக்கக் கடிதம் கேட்டார்கள். இந்தத் தடவை வம்பே வேண்டாம் என்று தன் பெயரையே இரண்டு முறை போடச் சொன்னார் ஜெயராம். ‘ஜெயராம் ஜெயராம்’ என்று ஒரு புது மனிதர் பிறந்தார். அவருக்கும் பத்தே நாளில் வீட்டுக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மயூர் விஹாரில் ஜெயராமும் அவர் மனைவி உஷாராணியும் பதினொரு வருஷமாகக் குடியிருக்கும் மூன்றாம் மாடி ஃபிளாட்டை அதன் சொந்தக்காரர் சட்டா விற்கப்போகிறார். எதிர் பிளாக்கில் தனியாக இருக்கும் அந்தப் பெரியவர், பூனாவில் மகளோடு போய் இருப்பதென்று முடிவு செய்துவிட்டார். தீபாவளிக்குள் விற்றாக வேண்டும். வாங்குகிறவர் குடிவந்தால் இவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜெயராமுக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. மத்திய சர்க்கார் குமாஸ்தாவுக்கு ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும் எங்கே கிடைத்தாலும் வீடுதான். உஷாராணியை நினைத்தால்தான் அவருக்கு என்னவோ செய்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு வீடு மாறியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பாத்திரங்களைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டுவது அவள்தான். புது வீட்டில் அவிழ்த்து அடுக்குவதும் அவள்தான். இந்த வீட்டிலிருந்து அவள் கணக்கு டீச்சராக இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கு ஐந்து நிமிஷ நடை. எட்டாவது முறையாக அவள் வேட்டியை விரித்துப் பாத்திரம் கட்டுவதைப் பார்க்கும் தைரியம் ஜெயராமுக்கு இல்லை. கடன் வாங்கியாவது இந்த வீட்டை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவது என்று இறங்கிவிட்டார்.

தன் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லி அவள் கேட்டதற்கு, வாங்கிக் கொடுக்கிறவன் வாங்கிக்கொள்கிறவளிடமே கை நீட்டுவதா என்று மறுத்துவிட்டார். நல்ல மனசுதான். புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

உஷாராணி விதித்தது ஒரே ஒரு நிபந்தனை. அவள் தம்பி ரவிக்குமார் திருச்சியில் வீட்டுக் கடனுக்கு ஒரு புரோக்கரைப் பிடித்து, அந்த ஆள் முன்பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான். அன்றிலிருந்து புரோக்கர் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது.

“நேரா பேங்குக்குப் போங்க. நடுவுல ஒருத்தரும் வேணாம். சோத்துல கை வச்சிருக்கீங்க, சத்தியம் பண்ணுங்க” என்றாள்.

சோற்றில் கை வைத்திருந்தது உண்மைதான். சத்தியம் செய்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஐந்தாவது பேங்கின் மேனேஜர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து இல்லை என்றார். ஐம்பத்துநாலு வயசு, ஆறு வருஷத்தில் ரிட்டயர்மென்ட். அதற்குள் கட்டி முடிப்பதென்றால் மாசத் தவணை சம்பளத்தையே தாண்டிவிடுமாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று நொந்துகொண்டு வீடு வந்தார்.

உஷாராணி அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

“விடுங்க. வேற வாடகை வீடு பாத்துக்கலாம். இதுக்காக நீங்க இன்னொரு பேங்க் படி ஏற வேணாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் ஜெயராமுக்குத் தாங்கவில்லை. மறுநாளே ஆபீசில் பக்கத்து நாற்காலி சந்திரசேகரிடம் ஒரு புரோக்கரின் நம்பரை வாங்கிவிட்டார். சோற்றில் கை வைத்துச் செய்த சத்தியம் எத்தனை நாள் செல்லும் என்று சாஸ்திரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஜம்பு ஆரணிக்காரர். கரோல் பாக்கில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். ஜெயராமின் கடன் மதிப்பெண்ணை மொபைலில் எடுத்துப் பார்த்தவர், பிள்ளையின் பிராக்ரஸ் கார்டைப் பார்த்த தகப்பனைப் போல ஆகிவிட்டார்.

“நேரா பேங்குக்குப் போறது தப்பில்ல சார். ஒரே மாசத்துல அஞ்சு பேங்குக்குப் போனீங்க பாருங்க, அது தப்பு. ஒவ்வொருத்தனும் எட்டிப் பாக்கறப்ப மார்க்கு கொறையும். ஊரெல்லாம் கடன் கேட்டுத் திரியற ஆளுன்னு ஆறாவது பேங்க்காரன் நினைச்சுக்குவான்.”

பென்ஷனையும் வருமானமாக எடுத்துக்கொண்டு எழுபது வயது வரை தவணை தருகிற பேங்க் ஒன்று இருக்கிறதாம். தனக்குச் சேர வேண்டியதை அந்த பேங்கே கொடுத்துவிடும், ஜெயராம் கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம் என்றும் சொன்னார். ஐந்து பேங்க் வாசலில் நின்று கற்காததை ஒரு மாடிப்படியில் கற்றோமே என்று ஜெயராமுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் பேசுவதும் ஜம்புவின் பொறுப்பு. பதினொரு வருஷம் குடியிருந்தவன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் சட்டா விலையை ஏற்றிவிடுவார். அதனால் ‘என் பார்ட்டி’ என்று மட்டும் சொல்வேன், பெயர் வெளியே வராது என்றார். ஜெயராமுக்கும் அதுதான் வேண்டும். சட்டாவின் காதுக்குப் போனது உஷாவின் காதுக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

சனிக்கிழமைதோறும் கரோல் பாக் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. அங்கே உள்ள பிள்ளையார் கோயிலுக்கு ஒன்பது வாரம் வேண்டுதல் என்றார். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் இப்படிச் சொன்னால் எந்தப் பெண்டாட்டியும் சந்தேகப்படுவாள். உஷாராணியோ, அவசரமே இல்லை, நிதானமாகச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று டிபன் கட்டிக் கொடுத்தாள். அவளுக்கும் சனிக்கிழமைகளில் ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. வேண்டுதல் என்று சொல்லிவிட்டதால் அன்றைக்கெல்லாம் அவருக்கு வெங்காயமில்லாத சமையல். பொய்க்குத் தண்டனை சாம்பாரில் கிடைத்தது.

அடுத்த வாரம் ஜம்பு மின்சார பில் கேட்டார். பீரோவில் இருந்த சமீபத்திய பில்லை ஜெயராம் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். அன்று மாலையே உஷாராணி பீரோவைக் கவிழ்த்துப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“கரன்ட் பில்லைப் பாத்தீங்களா?”

“இல்லையே. எதுக்கு?”

“சும்மாதான். இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும் இல்ல?”

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஜெயராம் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றார். அது போதாதென்று, தானும் சேர்ந்து தேடி, கட்டிலுக்கு அடியிலெல்லாம் போய்த் தும்மினார். அவர் தும்மிய தும்மலில் அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு ஜம்புவுக்காகத் தன் ஆதார் நகலை அவர் தேடியபோது அதுவும் வீட்டில் இல்லை. லேமினேஷனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். நகலை யாராவது லேமினேட் செய்வார்களா என்று கேட்க வாயெடுத்தவர், பேச்சு மறுபடி கரன்ட் பில்லுக்குப் போய்விடுமோ என்று பயந்து மென்று விழுங்கினார்.

நான்காவது சனிக்கிழமை ஜம்புவின் முகம் சரியில்லை.

“எதிர்பார்ட்டி ஒண்ணு மொளைச்சிருக்கு சார். ஒரு லேடி. புரோக்கர் கீக்கர் இல்லாம நேரா தன்னோட சம்பள பேங்க்லயே போட்டிருக்கு. நம்ம விலைக்கு மேல ஒரு லட்சம் சொல்லிட்டாங்க.”

ஜெயராம் ஒன்றரை ஏற்றச் சொன்னார். விலை மாறினால் கடன் தொகை மாறும், கடன் தொகை மாறினால் ஃபைல் மறுபடி முதலிலிருந்து. இன்னும் எட்டு இடத்தில் கையெழுத்து. அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த அம்மாள் மேலே ஐம்பதாயிரம் வைத்திருந்தாள். ஜெயராம் ஒரு லட்சம் வைத்தார். முன்பின் பார்த்திராத அந்தப் பெண்மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மெட்ரோவில் நடுத்தர வயதுப் பெண் யாராவது கையில் ஃபைலோடு ஏறினால், இவளாக இருக்குமோ என்று முறைத்துப் பார்த்தார். வீட்டில் உஷாராணியும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. மூட்டை கட்ட வேண்டிய கவலை என்று நினைத்துக்கொண்டு, அவளுக்காக இன்னொரு பத்தாயிரம் ஏற்றச் சொல்லி ஜம்புவுக்கு போன் செய்தார்.

எட்டாவது சனிக்கிழமை பேங்கின் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. ஜம்பு அதை மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

“ஜெயிச்சிட்டோம் சார். அந்தம்மாவால இனிமே முடியாது. லாக்கர்ல இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போயிடுச்சாம். இன்னும் ஐம்பதாயிரம் ஏத்தினோம்னா விலகிடும்னு வீட்டுக்காரரே சொல்றாரு.”

“நகையையா?”

“பின்னே? அந்தம்மாவுக்குப் புருஷன் இருக்காரு, ஆனா உபயோகமில்ல. ஒரு பேங்க் காரியம் உருப்படியா முடிக்கத் தெரியாத ஆளாம். பாவம், தனியாத்தான் அலையுது.”

ஜெயராம் பேனாவை மூடினார். இத்தனை நாளும் எதிரி என்று நினைத்தது ஒரு மனுஷி. வேலைக்கும் போய், பேங்குக்கும் அலைந்து, நகையையும் வைத்து ஒரு வீட்டுக்காகப் போராடுகிறாள். அந்த இடத்தில் உஷாவை வைத்துப் பார்த்தார். பார்க்க முடியவில்லை. ஒருத்தியின் கழுத்துச் செயினை வாங்கி இன்னொருத்திக்கு வாசல்படியாகப் போட்டால் அந்த வீட்டில் சோறு இறங்குமா? அதோடு அந்தப் புருஷன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பெண்டாட்டியை இப்படி அலையவிட்டுவிட்டு அவன் எங்கே ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறானோ.

“நான் விலகிக்கறேன், ஜம்பு.”

“சார், கடிதம் வந்துடுச்சு சார்.”

“அவங்களே வாங்கிக்கட்டும். எனக்காவது வாடகை வீடு தேடத் தெரியும்.”

ஜம்பு கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். இருபது வருஷத் தொழிலில் எதிர்பார்ட்டிக்காகக் கண் கலங்கின பார்ட்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு சட்டாவுக்கு போன் போட்டு, தன் பார்ட்டி விலகிவிட்டதாகச் சொன்னார். தான் வரவழைத்த டீக்கு ஜெயராமிடம் காசு வாங்கவில்லை.

மயூர் விஹாரில் இறங்கியதும் வீட்டுக்குப் போக ஜெயராமுக்குக் கால் வரவில்லை. உஷாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே எதிர் பிளாக்குக்குப் போய் சட்டாவின் கதவைத் தட்டினார். பெரியவர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார்.

“வீடு பக்கா ஆயிடுச்சு, ஜெயராம்ஜி. நடுவுல ஒரு பைத்தியக்காரன் புகுந்து விலையை மூணு லட்சம் ஏத்திவிட்டுட்டு, இன்னிக்கு ஓடியே போயிட்டான். ஏத்தின காசு எனக்கு வேணாம். அந்தம்மாவுக்கு மொத விலைக்கே தந்துடறேன்.”

பைத்தியக்காரன் மாதுளையை மென்றான். நகை திரும்பி வந்துவிடும் என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் லேசானது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடுவதாகச் சொன்னார். இத்தனை வருஷம் மனுஷனாக நடத்தினதற்கு நன்றி என்றார். சட்டா உரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

ஜெயராமுக்கு இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. வரப்போகிற அம்மாளுக்குச் சொல்லிவிடுங்கள், சமையலறைக் குழாயை இடது பக்கம் கொஞ்சம் தூக்கித் திருகினால்தான் மூடும். மழைக்காலத்தில் பால்கனிக் கதவு உப்பிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். கறிவேப்பிலைத் தொட்டியை அவர்களுக்கே விட்டுவிட்டுப் போகிறோம். அவங்க வீட்டுக்காரர் எதற்கும் லாயக்கில்லாத ஆள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குழாயையாவது மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சட்டா வாய்விட்டுச் சிரித்தார். தீபாவளி வரைக்கும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தம்மா வாக்கு வாங்கியிருக்கிறாள், ஆனால் இதற்கு மேல் தாங்காது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“குழாயைப் பத்தி நான் போய்ச் சொல்லணுமா, ஜெயராம்ஜி? வீட்டை வாங்கறதே உங்க உஷாராணிதானே.”