ஆனா சாரும் நாலு குவாண்டம் கம்ப்யூட்டரும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் உள்ள அத்தனை ஜனங்களிலும் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாத ஒரே ஆள் எங்கள் ஆனா சார்தான். மணி என்ன என்று கேட்டுவிட்டால் போதும். தன் கைக்கடிகாரம் என்ன சொல்கிறது, ஆபீஸ் சுவர்க் கடிகாரம் என்ன சொல்கிறது, எதை எதற்காக நம்பலாம் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் நாம் கேட்ட மணி போய் அடுத்த மணி வந்திருக்கும்.

நான் அப்போது அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் இன்ஜினீயரிங் காலேஜில் ஸ்டோர் கீப்பர். 2005 வாக்கில். காலேஜ் பெயரைச் சொல்ல மாட்டேன். பயத்தினால் இல்லை, அதற்கு நான் எதற்கு இலவச விளம்பரம் கொடுக்க வேண்டும்? ஆனா சார் அங்கே பிசிக்ஸ் வாத்தியார். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. எதைச் சொன்னாலும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுப்பதால் பசங்க வைத்த பெயரே நிலைத்துவிட்டது. பிரின்சிபாலே ஒரு சர்க்குலரில் ஆனா சார் என்று எழுதிவிட்டு அப்புறம் அடித்தார்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சாக்பீஸ் வாங்க வந்தால் முக்கால் மணி நேரம். ஒரு பெட்டி நன்றாக எழுதுமாம், ஆனா தூசு கொட்டுமாம். இன்னொரு பெட்டியில் தூசு இல்லையாம், ஆனா போர்டில் கீச்சென்று கத்துமாம். எது வேண்டும், சொல்லித் தொலையுங்கள் என்றால், "அதத்தாண்ணே யோசிக்கிறேன்" என்பார். நான் இரண்டு பெட்டியையும் அவர் கையில் திணித்துக் கதவைச் சாத்துவேன்.

அவர் குடியிருந்தது அரியலூரில். ஒரு மாதம் முழுக்க, தினமும் ஒரு பித்தளைச் செம்பில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். காலேஜ் வாசலில் இறங்கி, லேபுக்குள் போய், மிச்சத் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதினார். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா அது கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் தீர்த்தம் என்று நினைத்துக் கையை நீட்டியிருக்கிறது. இந்த மனுசனும் ஊற்றியிருக்கிறார். பின்சீட்டிலிருந்து இன்னும் நாலு கை நீண்டிருக்கிறது. அன்றைய அளவு செல்லாது என்று நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.

மாதக் கடைசியில் முடிவைக் கொண்டுவந்து என்னிடம் வாசித்தார். பிரைவேட் பஸ் வேகம், ஆனா பாதித் தண்ணீர் மடியில். கவர்மென்ட் பஸ்ஸில் அவ்வளவாகச் சிந்தாது, ஆனா அந்த பஸ் வரவேண்டும். ஆலத்தியூர் பக்கம் சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் சுமாராகக் கூடிவரும், ஆனா இறங்கும்போது தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை.

"உமக்குக் கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா சார்?" என்று நேராகவே கேட்டேன்.

"இதாண்ணே என் ஆராய்ச்சி" என்றார். குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையை என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஸ்டோர் ரூமில்தான் கேட்டேன்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். நம்முடைய கம்ப்யூட்டருக்குள் இருப்பது சுவிட்ச். ஒன்று எரியும், இல்லை அணையும். இந்தப் புதுக் கம்ப்யூட்டரில் இரண்டும் கலந்த ஒரு நிலை உண்டு. அந்த நிலை விளிம்பு வரைக்கும் நிரம்பிய செம்பு மாதிரி. லேசாக ஆடினாலும் சிந்திவிடும், சிந்தினால் கணக்குத் தப்பிவிடும். போய்ச் சேரும் வரைக்கும் சிந்தாமல் கொண்டுபோவதற்கு உலகத்தில் முக்கியமாக நாலு கூட்டம் நாலு வழியில் முயற்சி செய்துகொண்டிருந்தது.

முதல் கூட்டம் சின்னச் சின்ன மின்சுற்றுகளை, இதற்கு மேல் குளிரவே முடியாது என்கிற அளவுக்குக் குளிர வைக்கிறது. வேகம் என்றால் வேகம். ஆனா குல்ஃபி மாதிரி, கண்ணை மூடித் திறப்பதற்குள் உருகிவிடும். இரண்டாவது கூட்டம் காற்றே இல்லாத குடுவைக்குள் ஒற்றை அணுவைத் தொடாமல் அந்தரத்தில் நிறுத்தி, லேசரால் வேலை வாங்குகிறது. தப்பே பண்ணாது, ஆனா நகை ஆசாரி மாதிரி நிதானம். கூட நாலு பேரைச் சேர்த்தால் சமாளிப்பது கஷ்டம். மூன்றாவது, ஒரு திரவத்தைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, கோடிக்கணக்கான மூலக்கூறுகளை ஒன்றாகப் பேச வைப்பது. ஆனா பெரிதாக்கப் பெரிதாக்கத் தேர்க்கூட்டத்தில் நின்று பேசுகிற மாதிரி, ஒரு வார்த்தையும் காதில் விழாது. நாலாவது, வெளிச்சம். போகிற வழியில் அதிகம் சிந்தாது, ஆனா ஒரு ஒளித்துகள் இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுகளைச் சேர்த்துவைத்து வேலை வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

அந்த மூன்றாவது வகை ஒரு சாதனை பண்ணியிருக்கிறது என்று கண்ணெல்லாம் மின்னச் சொன்னார். பதினைந்தை மூன்று பெருக்கல் ஐந்து என்று பிரித்துவிட்டதாம். என் மகள் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளும் பிரிப்பாள், காந்தம் இல்லாமல் பிரிப்பாள் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பாப்பா வேகம்தான், ஆனா பாப்பாவை எவ்வளவு பெரிசாக்க முடியும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாலு வழியையும் ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூட்டத்தில் அதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு பேராசிரியருக்குப் பிடித்துப்போனால் பி.எச்டி. சேரலாம். மூன்று நாள் லீவு வேண்டும், அவ்வளவுதான். மூன்று தடவை விண்ணப்பம் எழுதிவிட்டார். பதிலே இல்லை. அட்மிஷன் நேரத்தில் சொல்லாமல் லீவு போட்டால் வேலை போய்விடும். அவர் சம்பளத்தில் ஊரில் தங்கச்சி படித்துக்கொண்டிருந்தது.

தினமும் ஸ்டோரில் வந்து புலம்பினார். தொல்லை தாங்காமல் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். எங்கள் தாளாளர் லாரி ஓட்டி, லாரி வாங்கி, கடைசியில் காலேஜ் கட்டியவர். விண்ணப்பம் என்றால் படிக்கமாட்டார். ஆனால் பொருள் வாங்குவதற்கு நான் அனுப்பும் ஒப்பீட்டுப் பட்டியலை மட்டும் உடனே பார்ப்பார். கட்டம் போட்டு, மூன்று நாலு கம்பெனியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பிடித்ததைப் பச்சை மையில் வட்டம் போட்டுக் கையெழுத்து வைப்பார். பச்சை மைக்கான அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அந்த ஆளுக்குப் படிக்கத் தெரிஞ்சது கட்டம் ஒண்ணுதான் சார். கட்டமா போட்டுக் குடுங்க, அடியில லீவு கேளுங்க" என்றேன்.

போட்டார். என் படிவத்திலேயே போட்டார். நாலு பத்தி, நாலு வழி. வேகம், பிழை, பெரிதாக்கும் வசதி, குளிர்சாதனம் என்று வரிசைகள். வெளிச்சத்துக்கு நேராக, குளிர்சாதனம் தேவையில்லை என்று எழுதி, ஒரு நட்சத்திரக் குறியும் பின்குறிப்பும் போட்டிருந்தார். அதற்கும் கீழே லீவு. பின்குறிப்பு படிக்கிற பழக்கம் எங்கள் தாளாளருக்குக் கிடையாது.

இரண்டே நாளில் பேப்பர் எனக்குத் திரும்பி வந்தது. நாலாவது பத்தியைச் சுற்றிப் பச்சை வட்டம். பக்கத்தில், "ஏசி தேவையில்லை. இதையே வாங்கவும்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாக்பீஸுக்காக நான் நின்ற நேரத்துக்கெல்லாம் சேர்த்து அந்த மனுசன் கொஞ்சம் தவிக்கட்டும் என்று டிராயரில் போட்டுப் பூட்டினேன். பத்து நாள் கழித்து காலேஜ் விளம்பரத் தாள் அச்சாகி வந்தது. அட்டையிலேயே போட்டிருந்தார்கள்: ஏசி தேவைப்படாத குவாண்டம் கம்ப்யூட்டர் உள்ள ஒரே கல்லூரி. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ஆனா சார் தாளாளர் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அப்படி ஒரு பொருள் கடையில் விற்பதில்லை, தான் கேட்டது பெங்களூர் போக மூன்று நாள் லீவுதான் என்று அவர் எடுத்துச் சொன்னார். தாளாளர் அசரவில்லை.

"வாங்காட்டி போவுது. லேபுல ஒரு லேசர் லைட்டு, ரெண்டு கண்ணாடி, ஒரு கறுப்புத் துணி வைங்க. பெத்தவங்க வர்றப்ப பக்கத்துல நில்லுங்க. வாயத் தொறக்காம நின்னா, பெங்களூருக்கு என் கார்லயே அனுப்பிவுடுறேன். தொறந்தீங்கன்னா அப்படியே வூட்டுக்குப் போயிடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஆனா சார். தாளாளர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆனா சாரைத் தெரியாது.

அட்மிஷன் அன்று காலையில் வந்த பெற்றோர்கள் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, கும்பிடாத குறையாக நகர்ந்தார்கள். ஆனா சார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பதினோரு மணி வாக்கில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் தன் மகளோடு வந்தார். விளம்பரத் தாளைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"துபாய்ல பதினெட்டு வருசமா ஏசி மெக்கானிக்கா இருக்கேன் சார். ஏசி வேணாம்னு போட்டிருக்கீங்களே, அது எப்படி?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஆனா சார் தாங்கியிருப்பார். குளிர்ச்சியைப் பற்றித் தெரிந்த ஒருத்தர் வந்து கேட்டால் என்ன செய்வார், பாவம். முதல் வழிக்கு மைனஸ் இருநூற்று எழுபத்து மூன்றுக்குப் பக்கத்தில் குளிர் வேண்டும் என்றார். பாய் ஆடிப்போய்விட்டார். மைனஸ் முப்பதுக்கே தான் கம்ப்ரஸர் மாற்றி மாற்றி ஓய்ந்துபோனதாகச் சொன்னார். இரண்டு பேரும் தரையில் சாக்பீஸால் நாலு வழிக்கும் படம் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் குனிந்து, வெளிச்சத்துக்கு மட்டும் குளிர் வேண்டாமா என்று கேட்டது.

"வெளிச்சத்துக்கு வேணாம்மா. ஆனா ஒளித்துகள் வந்துச்சா இல்லையான்னு எண்ணுற கருவிக்கு வேணும். அதக் குளுத்தி வெச்சாத்தான் வராதத வந்ததுன்னு பொய் சொல்லாது."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாசலில் தாளாளர் வந்து நின்றார். நான் ஆனா சாருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் தாளாளரைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"சரி சார், நாலும் புரிஞ்சிடுச்சு. இங்க இருக்கிறது எது?" என்றார் பாய்.

ஆனா சார் கையை நீட்டி லேசரை அணைத்தார்.

"இங்க ஒண்ணும் இல்ல பாய். இது சும்மா லேசர் லைட்டு. இதத்தான் குவாண்டம் கம்ப்யூட்டர்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னா, அது நாலு வருசம் தப்பாப் படிக்கும்."

பாய் நிரப்பி வைத்திருந்த ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க இங்க இருப்பீங்களா சார்?" என்று கேட்டார். ஆனா சார் வாசலைப் பார்த்துவிட்டு, "இனிமே இருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். பாய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தாளாளர் பேசியதை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். மத்தியானத்துக்குள் வேலை போனது. லேசர் லைட், கண்ணாடி, கறுப்புத் துணி எல்லாவற்றையும் ஆனா சார் துடைத்துக் கொண்டுவந்து ஸ்டோரில் ஒப்படைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. டிராயரைத் திறந்து பச்சை வட்டத்தைக் காட்டினேன். பத்து நாள் பூட்டி வைத்திருந்தேன், அன்றைக்கே சொல்லியிருந்தால் விளம்பரம் அச்சாகியிருக்காது, என்னைத் திட்டுங்கள் சார் என்றேன்.

பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க சொல்லியிருந்தா நான் நாலாவது விண்ணப்பம் எழுதியிருப்பேன். அதுவும் குப்பைக்குத்தான் போயிருக்கும். மூணு நாள் லீவு கேட்டதுக்கு இப்ப மொத்தமா குடுத்துட்டாங்க. எப்படிப் பாத்தாலும் இதாண்ணே சீக்கிரமான வழி." பேப்பரை என்னிடமே நீட்டி, "தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார்.

அடுத்த வாரம் சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பெங்களூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டார். சார், அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள், நாலில் எதுதான் ஜெயிக்கும் என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்கிறவர்களுக்கு நடுவில் அத்தனை வருசம் வேலை பார்த்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் ஸ்டோருக்குப் போன் பண்ணுங்கள் என்று அதட்டினேன்.

பஸ் கிளம்பிப் போனது. எனக்கும் பஸ் வரட்டும் என்று அங்கேயே நின்றேன். என் ஊர் பஸ் எதிர்ப்பக்கம்தான் வரும் என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது.