மெலிந்த பீமும் மசியாத மாமனாரும்

"தாங்கும்னு நீங்க சொல்றீங்க. இதோட உடம்பைப் பார்த்தா எனக்கு அப்படித் தோணலையே மாப்பிள்ளை" என்றார் மாமனார், கூடத்தின் நடுத்தூணில் சாய்ந்தபடி.

அந்தத் தூணுக்குப் பதிலாக மாடியைத் தாங்குவதற்கென்று வாசலில் வந்து கிடந்த இரும்பு பீமைத்தான் சொன்னார். அதைத் தேர்ந்தெடுத்தவர் மருமகன். எந்தக் கட்டடத்துக்கு எந்த பீம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் இன்ஜினியர். எத்தனையோ தொழிற்சாலைக் கூரைகள் அவர் பேச்சைக் கேட்டு நிற்கின்றன. வீட்டில்தான் அவர் பேச்சு எடுபடுவதில்லை. வீடு மாமனாருடையது. மாடியில் அவர், கீழே மகளும் மருமகனும்.

வினை அந்தத் தூணால் வந்தது. மருமகனின் மனைவி வீட்டிலேயே தையல் வேலை எடுத்துச் செய்கிறாள். பள்ளிக்கூடச் சீருடைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. துணி வெட்ட நீள மேசை வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டாலும் மேசை தூணில் போய் முட்டியது. தரையில் குனிந்து வெட்டி வெட்டி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. தூண் போகாவிட்டால் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அப்படிக் கொடுத்தால் ஆயுசுக்கும் யார் தலை உருளும் என்பது மருமகனுக்குத் தெரியும். சமாதானம் பேச மாமியாரும் ஊரில் இல்லை. இளைய மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"இது சாதாரண இரும்பு இல்லை மாமா. உருக்கும்போதே வேற உலோகங்களைச் சிட்டிகை சிட்டிகையாச் சேர்த்திருப்பாங்க. மத்த இரும்பு குண்டா இருந்து சுமக்கிறதை இது ஒல்லியா இருந்தே சுமக்கும்."

மாமனார் பீமைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். இரண்டும் ஒரே வாகுதான்.

"சோதிச்சுக் காட்டுங்க" என்றார்.

மருமகன் சளைக்கவில்லை. வாசலில் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, பீமை அதன்மேல் வைத்து, மணல் மூட்டைகளை ஏற்றினார். பீம் உடையவில்லை. உடையும் உத்தேசமும் அதற்கு இல்லை. ஆனால் நடுவில் தொய்ந்தது. மாமனார் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்து, தொய்வைத் தெருவுக்கே காட்டினார்.

மருமகன் தலையில் அடித்துக்கொண்டார். இந்த ரக இரும்பு உடையாமல் சுமக்குமே தவிர, வளைவதில் மற்ற இரும்புக்கு ஒன்றும் சளைத்ததல்ல. மெல்லியதாக எடுத்தால் இன்னும் அதிகமாகவே வளையும். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களை நிற்க வைத்து அவர் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். மாமனாரின் மூக்கை உடைக்கிற அவசரத்தில், இருப்பதிலேயே ஒல்லியானதைப் பொறுக்கி எடுத்துத் தன் மூக்கை உடைத்துக்கொண்டார்.

அதே இரும்பில் உயரம் கூடிய பீமை வரவழைத்தார். அது வளையாது. ஆனால் அதை ஏற்றி வந்த லாரி வாசலில் திரும்ப மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் கேட் பக்கத்துத் தூணை இடிக்க வேண்டியதாயிற்று.

"உள்ளே இருக்கிற தூணை எடுக்கிறேன்னு சொன்னீங்க. வெளியில இருந்ததை எடுத்துட்டீங்க. நல்ல ஆரம்பம்" என்றார் மாமனார்.

பீம் உயரமானதால் கூடத்து மின்விசிறியின் இறக்கை அதில் இடிக்கும் போலிருந்தது. விசிறியைத் தள்ளி மாட்ட மேல்தளத்தைத் துளைத்தார்கள். துளைத்த இடத்தில் மாடிக்குப் போகிற ஒயர் அறுந்தது. மாடியில் விளக்கில்லை, காற்றில்லை. மாமனார் தலையணையும் பாயுமாக இறங்கி வந்து, நேராகத் தூணடியில் படுக்கை போட்டார். தூணை எடுக்கக் கிளம்பிய மருமகன், தூணுக்குக் காவல் போட்டதுதான் மிச்சம்.

மனைவி கத்தரிக்கோலைக் கொஞ்சம் ஓசையாகக் கீழே வைத்தாள். மருமகனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவரே ஸ்டூலில் ஏறி ஒயரை ஒட்டினார். மாமனாரைக் கெஞ்சி மாடிக்கு அனுப்பினார். அவரோ படியேறும்போதே துரு பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பீமுக்கு இரண்டு பூச்சு பெயின்ட் ஏறியது. சத்தம் போடுமே என்றார். மூட்டுக்கு மூட்டு போல்ட்டை இறுக்கினார்கள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. இத்தனைக்கும் மனிதர் வேலையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை என்று மகளே ஆச்சரியப்பட்டாள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் பீம் ஏறி உட்கார்ந்தது. முட்டுக் கொடுத்து, தூணைச் செங்கல் செங்கலாக உருவினார்கள். முட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பாரம் தாங்குகிறதா என்று பார்க்க, மாடியில் இரும்பு பீரோக்கள், தண்ணீர் நிரப்பிய டிரம்கள், அவற்றுக்கு நடுவில் நாற்காலி போட்டு மாமனார். கீழே, பீமுக்கு நேர் அடியில், மருமகன் போய் நின்றுகொண்டார்.

"விழுந்தா என் மேலேயே விழட்டும் மாமா" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

பீமுக்கு அடியில் மயிரிழை இடம் விட்டுச் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த நூலை அப்போதும் பீம் தொடவில்லை.

மனைவி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மேசையைப் போட்டு, ஒரே வீச்சில் துணியை விரித்தாள். நிமிர்ந்து நின்று வெட்டினாள். மருமகனைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தான் ஒரு பெரிய இன்ஜினியர் என்று அவருக்கே தோன்றியது.

மாமனார் இறங்கி வந்தார். வெறுமையாக இருந்த நடுக்கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஜெயிச்சுட்டீங்க மாப்பிள்ளை. இனி நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை" என்று கையைக் குலுக்கினார். முகம் மட்டும் ஏனோ வாடியிருந்தது. தோற்றவர் முகம் அப்படித்தானே இருக்கும் என்று மருமகன் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் பையோடு உள்ளே நுழைந்தார். மேசையைப் பார்த்தார், பீமைப் பார்த்தார், நடுக்கூடத்தைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது.

"தூணை எடுத்துட்டீங்களா மாப்பிள்ளை? தினமும் அதுலதானே அவர் முதுகு சொறிஞ்சுக்குவாரு, இனிமே என்னையில்ல கூப்பிடுவாரு?"