புழக்கடைக்கு வராத வைஃபை

ராயபுரம், திருப்பூர்
12.10.2008

அன்புள்ள மாப்பிள்ளை குமாரவேல் அவர்களுக்கு,

மாமனார் ஆத்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அத்தை தெய்வாத்தாளும், மச்சினன் மகுடேஸ்வரனும் சுகம். அங்கு நீங்களும், என் மகளும், இன்னும் நாங்கள் நேரில் காணாத பேத்தி அக்ஷராவும் அமெரிக்கக் குளிரில் சளிப் பிடிக்காமல் இருக்க அவிநாசியப்பர் துணை நிற்கட்டும். மின்னஞ்சல் அனுப்பச் சிக்னல் இல்லாததால் தபாலில் எழுதுகிறேன்.

லீவு கிடைக்காது, அக்ஷராவுக்கு அங்கேயே காது குத்திவிடலாம், தாய்மாமன் இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மடியைக் காட்டினால் போதும், சொந்தபந்தம் வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். அருமையான யோசனை. நான் மறுத்து ஒரு வார்த்தை சொன்னேனா? ஆனால் முந்நூறு பேர் வீட்டுக்குள் அடங்க மாட்டார்கள். பந்தல் புழக்கடையில்தான். எனவே வைஃபையும் புழக்கடைக்கு வந்தாக வேண்டும்.

போன தடவை வந்தபோது நீங்கள் வாங்கித் தந்த வைஃபை பெட்டியை நடுவீட்டில் உயரமாக வைக்கச் சொன்னீர்கள், நடுவீடு காலியாக இருக்க வேண்டும், விளக்கு மினுக்குகிற சாமானெல்லாம் அக்கினி மூலைக்குத்தான் என்று வாஸ்துக்காரர் ஒற்றைக்காலில் நிற்க, பெட்டி சமையலறைக்குப் போனது, கீழேதான் நம் பனியன் கம்பெனி ஓடுகிறதே, பஞ்சு மேலேறிப் பெட்டிக்கு நரைத்த தாடியே முளைத்துவிட்டது, அதைக் கண்ட உங்கள் அத்தை, "ஏனுங்க, மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்த சாமான் இப்படியா தூசில கெடக்கும்?" என்று எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் அதை இறக்கி, மூடியும் போட்டுவிட்டாள். சிக்னல் அடுப்பு மேடையைத் தாண்டவில்லை.

பிறகு மகுடேஸ்வரன் இன்னொரு பெட்டி வாங்கி, மழைக்குப் பயந்து எக்ஸ்போர்ட் பனியன் போடும் பாலிதீன் பையை மாட்டி, புழக்கடை முருங்கை மரத்தில் கட்டினான். சிக்னல் வந்தது, கூடவே தெருவும் வந்தது. "அண்ணா, பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்ணா" என்று எதிர்வீட்டு மருதாள் முதலில் வந்து நின்றாள். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நமக்கு உண்டா? எல்லோருக்கும் சொன்னேன். இப்போது தெருவே படம் படமாக இறக்குகிறது, நமக்கு ஒரு போட்டோகூட இறங்க மாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மகுடேஸ்வரன் பட்டுவேட்டி கட்டி, பேத்திக்குப் பதிலாக மடியில் ஒரு பரங்கிக்காயை வைத்து உட்கார்ந்தான். அந்தப் பக்கம் அவிநாசியில் அவன் கூட்டாளி வீட்டார். ஆரம்பித்த உடனே படம் உறைந்துபோய், இவன் வாயைப் பிளந்தபடியே அங்கே நின்றிருக்கிறான். கூட்டாளியின் அம்மா போனில் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, மாமனுக்கே காது குத்திப்போட்டீங்களா?" என்று கேட்டார்கள். முந்நூறு பேர் முன்னால் இப்படி ஆனால் நான் எந்த முகத்தோடு பந்தி விசாரிப்பேன்? ஆகவே புழக்கடை முழுக்கப் பாயும்படி பெரிய பெட்டி ஒன்று அங்கிருந்து அனுப்பவும். அப்படியொன்று அங்கும் கிடைக்காதென்றால் வேறு என்ன வழி என்பதை உங்கள் பெருந்தன்மைக்கே விடுகிறேன்.

உங்கள் குடும்பம் நோய்நொடியின்றிப் பதினாறு பேறும் பெற்று விளங்க மனமார வாழ்த்தும்,
மாமனார் ஆத்தப்பன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, நான் அத்தை எழுதறனுங்க. உங்க மாமா கவருக்குப் பசை தேடப் போயிருக்காரு. அவரு எழுதுனதுல ஒண்ணையும் நம்பாதீங்க. சிக்னல் ஊடு பூரா வருது, பொடக்காளி மதில் வரைக்கும் வருது. நீங்க ஆபீஸ் போன பொறவு தெனமும் அக்ஷராவப் பாத்துட்டுத்தான் இருக்கறோம். உங்க ஊட்டுக்காரியும் எங்களோட கூட்டுத்தானுங்க. பாத்துப் பாத்து, ஒருக்கா மடியில போட்டுக்க முடியலையேன்னு நெஞ்சு வலிக்குது. டிக்கெட்டப் போடுங்க சாமி. அதுவரைக்கும் இங்க சிக்னல் வராதுங்க.