சக்கரம் சுற்றாத அப்டேட்

“நேத்து அறுபத்திரண்டு பேர் பார்த்தாங்க. இன்னைக்கு நாப்பதுதான். என்னடி ஆச்சு?” ஃபிரிட்ஜ் மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவியைக் கேட்டார்.

“என்னைக் கேட்டா? அப்டேட் வந்துடுச்சுன்னு காலையில குதிச்சது நீங்கதானே?”

குதித்தது உண்மை. பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜோடு வாய் திறக்காமல் மல்லுக்கட்டுகிறவருக்கு, மாலையில் லாரி ஓட்டும் கேமை லைவில் காட்டும் இரண்டு மணி நேரம்தான் உயிர். அறுபத்திரண்டு பேரும் அண்ணே, அண்ணே என்று வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்ன பிறகுதான் லாரியைக் கிளப்புவார். அவர்கள் இல்லாத மாலையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கேமில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. லாரி அடுத்த ஊருக்குள் நுழையும்போதெல்லாம் திரையில் ஐந்து நிமிடம் வெறும் லோடிங் சக்கரம் சுற்றும். புது அப்டேட்டில் அது ஒரே நொடி. கேம் செய்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும் என்று வாயார வாழ்த்தினார். கூட்டம்தான் கரைந்தது.

‘நாம ஓட்டுறது சரியில்ல’ என்று தானே முடிவுகட்டி, மறுநாள் எங்கும் இடிக்காமல் பத்து ஊர் ஓட்டினார். இருபத்தைந்து பேர்.

பதினோராவது ஊரின் வளைவில் லாரி திரும்பும்போது மாமியார் அறைக்குள் தலையை நீட்டினார். “மாப்பிள்ளை, லாரி எங்க நிக்குது? சாப்பாடு ஆறுது!”

லாரி பள்ளத்தில் நின்றது.

“அத்தை, முன்ன சக்கரம் சுத்தும், நீங்க வந்து பேசுவீங்க. இப்ப எனக்கு மூச்சு விடவே நேரமில்ல. இனிமே உள்ள வராதீங்க, தயவுசெஞ்சு.”

“அதுக்கென்ன மாப்பிள்ளை,” என்று மாமியார் முகம் வாடிப் போனார்.

அதற்கடுத்த நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார். ஒன்பது பேர். வீட்டுச் சத்தம் கசிகிறதோ என்று கதவிடுக்கில் போர்வையைச் செருகினார். மூன்று பேர். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

லாரியை ஓரங்கட்டினார்.

“நீங்க மூணு பேராவது இருக்கீங்களே, ரொம்ப நன்றி. உங்களை மறக்க மாட்டேன். நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க.”

ஒருவர் எழுதினார்: “நாங்க மூணு பேரும் நிஜ லாரி டிரைவருங்க அண்ணே. எங்களுக்கு நீங்க ஓட்டுறது பிடிச்சிருக்கு. மத்தவங்க கதவுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. திறந்து பாருங்க.”

ஒன்றும் புரியாமல் போர்வையை உருவினார். வெளியே மாமியாரின் குரல் கணீரென்று கேட்டது.

“என் மாப்பிள்ளை கை பட்டா செத்த ஃபிரிட்ஜும் எழுந்து உட்காரும். தங்கமான மனுஷன். அவர் எங்க வீட்டுக்கு வந்தது நாங்க செஞ்ச பாக்கியம்.”

இத்தனை வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத வார்த்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். எதிரே நாற்காலியில் மாமியார்; கையில் செல்போன், கதவைப் பார்த்தபடி. பக்கத்தில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவா மாப்பிள்ளை! சக்கரம் சுத்துறப்ப நம்ம வீட்டுப் பேச்சைக் கேக்க வந்தவங்களாம், இப்ப என் செல்போன் லைவ்ல சாத்துன கதவையே நானூறு பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒரு நன்றி சொல்லிட்டு மறுபடி உள்ள போய்ச் சாத்திக்கோங்க!”