சங்கத் தலைவரும் வளராத செல்களும்

மனித குலம் உருவாக்கிய அமைப்புகளிலேயே தலைசிறந்தது குடும்பச் சங்கம் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இரண்டாவது கருத்து ஒன்று எழுந்தால், அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்காமல் விடும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. அந்த விதியை எழுதியவரும் தலைவர்தான்.

தலைவரை முன்மொழிபவர் செயலாளர். அவர் தலைவரின் தம்பி. வழிமொழிபவர் பொருளாளர், அவர் தலைவருடைய மனைவியின் தம்பி. செயலாளரைப் பொருளாளர் முன்மொழிவார், பொருளாளரைத் தலைவர் முன்மொழிவார். இப்படி மூவரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் சங்கம் காலத்தை வென்று நின்றது. இளையவர்கள் யாராவது பதவி கேட்டால், இன்னும் பக்குவம் வரட்டும் என்று அன்போடு சொல்லி அனுப்பப்படுவார்கள். அப்படிப் பக்குவத்துக்காகக் காத்திருந்த 'இளைஞர்' ஒருவர் சமீபத்தில் பேரன் எடுத்தார்.

இத்தகைய சங்கத்தின் கௌரவத்துக்கே ஒரு சோதனை வந்தது. வந்தது தலைவரின் மகள் வழியாக. அவள் டாக்டர் என்று தலைவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். பொருளாளர் தன் முதுகுவலிக்கு அவளிடம் மருந்து கேட்டபோது, தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர் என்று சொல்லிவிட்டாள்.

"மருந்து தெரியாத டாக்டரா அத்தான்?" என்று பொருளாளர் நாலு பேர் நடுவில் கேட்டார்.

தலைவரின் முதுகெலும்பு இயல்பாகவே வளையாதது. அன்று அது இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. மகளின் ஆய்வகத்தை நேரில் பார்வையிட 'உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. குழுவில் யார் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வகம் என்றதும் மாளிகையை எதிர்பார்த்துப் போன குழு, கறுப்புத் திரை போட்ட ஒரு சிறிய அறையைக் கண்டது. மூலையில் ஒரு பெட்டி இதமான சூட்டில் முனகிக்கொண்டிருந்தது. மகள் அதிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

"சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற நரம்புப் புற்றுநோய் செல்லுப்பா இது. வயித்துல இருக்கும்போதே நரம்பா ஆகியிருக்க வேண்டியது. பாதி வழியில நின்னுடுச்சு. வளரத் தெரியாது, பெருக மட்டும் தெரியும்."

வளரச் சொல்லும் மரபணுக்கள் இல்லையா என்று தலைவர் விசாரித்தார். இருக்கின்றன, பூட்டிக் கிடக்கின்றன என்றாள். சில மரபணுக்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, ஒன்றையொன்று தூக்கிப் பிடித்து, தாங்களும் அடங்காமல் மற்றவற்றையும் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கின்றனவாம். அதனால் செல் என்றைக்கும் சின்னப்பிள்ளையாகவே இருக்கிறதாம்.

"நல்ல கட்டுக்கோப்பு," என்று தலைவர் மெச்சினார்.

மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த ஒரு குப்பியைக் காட்டினாள். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த அமிலம். அது உள்ளே போனால் அந்தக் கூட்டணி உடையும். பூட்டிக் கிடந்தவை ஒவ்வொன்றாகத் திறக்கும். செல் பெருகுவதை விட்டுவிட்டு நீளமாக இழை விட்டு நரம்பைப் போல ஆகும். எது முதலில் திறக்கிறது, எது பிறகு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"மருந்தை நிறுத்தினா சிலது பழையபடி ஆயிடுதுப்பா. அது ஏன்னும் பார்க்கணும்."

அடுத்த கூட்டத்தில் பேராசிரியையிடம் முடிவைக் காட்ட வேண்டும், சரியாக வராவிட்டால் இந்த ஆராய்ச்சி பக்கத்து அறைக் குழுவுக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். அதற்குள் யாரோ கூப்பிட, எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்த உத்தரவு வெளியாட்களுக்கானது என்று குழு முடிவு செய்தது. சங்க மலருக்கு ஒரு புகைப்படம் தேவை. தலைவர் கையில் மருந்து இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார் செயலாளர். ஆனால் குப்பியோ மீந்த சாப்பாட்டைப் பொட்டலம் கட்டியதுபோல வெள்ளித் தாளில் சுற்றிக் கிடந்தது.

"நம்ம குடும்பம் எதையும் மூடி மறைச்சதில்ல," என்றார் தலைவர். தாள் பிரிக்கப்பட்டது. படம் இருட்டடிக்கிறது என்றார் பொருளாளர். திரை தூக்கப்பட்டது. யார் நடுவில் நிற்பது, யார் தோள் யார் தோளுக்கு முன்னால் வருவது என்ற விவாதம் வெகுநேரம் நடந்தது. அதுவரை குப்பி ஜன்னல் விளிம்பில் சுள்ளென்ற வெயிலில் காத்திருந்தது. படம் முடிந்ததும் தலைவர் தம் கையாலேயே தாளை மறுபடி சுற்றினார். முன்பைவிட அழகாகவே சுற்றினார்.

அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மருந்து போட்ட தட்டும் போடாத தட்டும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று அம்மாவிடம் சொன்னாள். எல்லாச் செல்லும் முட்டிமோதிப் பெருகுகிறது, ஒன்றுகூட இழை விடவில்லை. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற மருந்து என்று தாள் சுற்றித்தான் வைத்திருந்தாளாம்.

"நான்தான் எங்கேயோ கவனமில்லாம இருந்திருக்கேம்மா. மேடம்கிட்ட அப்படியே சொல்லிடப் போறேன்."

அடுத்த அறையில் இதைக் கேட்ட தலைவர் தொலைபேசியில் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"படத்தை அழிச்சுட்டேன் அத்தான், கவலையே படாதீங்க," என்றார் பொருளாளர்.

"அன்னிக்கு நாம அங்க போகவே இல்லன்னு தீர்மானம் போட்டுடலாம்ணா," என்றார் செயலாளர்.

ஆளுக்கொரு பக்கமாகத் தம்மைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பது தலைவருக்குப் புரிந்தது. வழக்கமாக அது சுகமாக இருக்கும். அன்று மூச்சு முட்டியது.

மறுநாள் அவர் பேராசிரியையின் அறைக்குப் போனார். மகள் அங்கே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காட்டியும் அவர் உட்காரவில்லை.

"தாளைப் பிரிச்சது நான். திரையைத் தூக்கினதும் நான். இவமேல தப்பில்ல."

யாரும் முன்மொழியாமல், யாரும் வழிமொழியாமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. பேராசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புது மருந்தோடு இன்னொரு முறை செய்துபார்க்கச் சொன்னார். படியிறங்கும்போது மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உதறவில்லை. சில நாள் கழித்து, "இழை விட்டிருக்குப்பா, அழகா," என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பக்குவம் முற்றிய அந்த நிலையிலேயே பொதுக்குழு கூடியது. இளையவர்களுக்கு வழிவிட்டுத் தாம் பதவி விலகுவதாகத் தலைவர் அறிவித்தார். அரங்கம் கலங்கியது. இத்தனை பெருந்தன்மை உள்ளவரை இழப்பது குடும்பத்துக்கே இழுக்கு என்று செயலாளர் தழுதழுத்து, அவர் பெயரையே முன்மொழிந்தார். பொருளாளர் கண்ணீரோடு வழிமொழிந்தார். பதவி விலகியதைப் பாராட்டித் தலைவர் ஏகமனதாக மீண்டும் தலைவரானார். ஏற்புரையில் அவர் இளையவர்களை வாயார வாழ்த்தி, இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும் என்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும், கடைசி வரிசையிலிருந்து எழுந்துவந்து மகள் அவருக்கு மாலை போட்டாள்.

"மருந்தை நிறுத்தினா சிலது ஏன் பழையபடி ஆகுதுன்னு தெரியாம இருந்தேம்ப்பா," என்று காதோடு சொன்னாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சு."